டிக்... டிக்... அப்பாவின் கியர் சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை காப்பி குடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பேரன் தன் கியர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினான்.

"தாத்தா, மிதிச்சா கரகரன்னு ஒரே சத்தம். கடைல காட்டினேன். கியர் செட்டே முழுசா மாத்தணுங்கறாங்க."

"எந்தக் கியர்ல சத்தம் வருது?"

"எல்லாத்துலயும்தான்."

"எல்லாத்துலயும் ஒரே மாதிரியா?"

யோசித்தான். பதில் தெரியவில்லை. பையன் மேல் தப்பில்லை. நான் பொன்மலைப் பணிமனையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன். அங்கே நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நின்றுகொண்டிருக்கும் வண்டியின் சக்கரங்களைச் சுத்தியலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல சக்கரம் கணீரென்று சொல்லும். விரிசல் விட்ட சக்கரம் பொத்தென்று சொல்லும். இரும்பு பொய் சொல்லாது, நாம்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆனால் சைக்கிள் சத்தத்தைக் கேட்கும் பாடத்தை நான் பொன்மலையில் படிக்கவில்லை. அதற்கும் முன்னால், பதின்மூன்று வயதில், உறையூரில் எங்கள் வீட்டு வாசலில் படித்தேன். அதற்கு அப்பா கொடுத்த விலை பெரிது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சைக்கிளின் கதையோடு சேர்த்து இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

முதன்முதலில் வந்த சைக்கிள்களில் இந்தக் கரகரப்பு எதுவும் கிடையாது. படங்களில் பார்த்திருப்பீர்கள், முன்சக்கரம் ஆளுயரம், பின்சக்கரம் தாம்பாளம் அளவு. பெடல் முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். செயின் இல்லை, பல்சக்கரம் இல்லை. ஒரு மிதி சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்க வேண்டும், அவ்வளவுதான். இன்றுவரை இங்கிலாந்துக்காரர்கள் கியரை அங்குலத்தில் சொல்வதற்கு இதுதான் காரணம். 75 அங்குல கியர் என்றால், 75 அங்குல விட்டமுள்ள பழைய சக்கரத்தை மிதிப்பதற்குச் சமம்.

பெரிய சக்கரத்திலிருந்து விழுந்தால் மண்டை உடையும். அதனால் 1885-ல் காவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரண்டு சக்கரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பின்சக்கரத்தைச் செயினால் ஓட்டும் 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டுவது அதன் பேரப்பிள்ளைகள்தான். அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1880-ல், மான்செஸ்டரில் இருந்த ஹான்ஸ் ரெனால்ட் என்ற சுவிஸ்காரர் உருளை வைத்த செயினுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஒவ்வொரு பின்னையும் சுற்றி ஒரு சின்ன உருளை. பல்லின் மேல் அது தேயாமல் உருண்டு ஏறும். அம்பத்தூரில் செய்த செயினானாலும் சரி, இன்று தைவானில் செய்து வருவதானாலும் சரி, அடிப்படை அதேதான். செயின் வந்தது, வசதி வந்தது. கூடவே சத்தமும் வந்தது.

எங்கள் வீட்டுக்கு ராலே சைக்கிள் வந்தது 1956-ல். பினாங்கில் கணக்கு வேலை பார்த்த பெரியப்பா ஊரோடு வந்துவிடுவதென்று முடிவு செய்து ராஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கினார். அவரோடு ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு கம்பளி, சாக்கில் கட்டிய சைக்கிள். "எனக்கு எதுக்குடா இனிமே, நீ ஓட்டு" என்று அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

அப்பாவுக்குப் பொதுப்பணித்துறையில் வேலை. உறையூரிலிருந்து குடமுருட்டிப் பாலம் தாண்டி, முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாக முக்கொம்பு வரைக்கும் வாரத்தில் நாலு நாளாவது போக வேண்டும். மேற்கே போகும் சாலை. ஆடி மாதத்தில் அந்தச் சாலையில் மேற்குக் காற்றை எதிர்த்து மிதித்தவர்களுக்குத் தெரியும், சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்கும். மற்றவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். அப்பா ஹேண்டில்பாரில் இருக்கும் சின்ன நெம்புகோலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிதானமாக மிதித்துப் போவார். அதுதான் கியர்.

பின்சக்கரத்தின் ஹப், சாதாரண சைக்கிளில் இருப்பதைவிடத் தடித்து உருண்டையாக இருக்கும். அதன் மேல் 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்று பொறித்திருக்கும். பக்கத்தில் ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகளும் 54 என்ற எண்ணும். 54 என்பது அது செய்யப்பட்ட வருஷம் என்று பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. நாட்டிங்ஹாம் நகரில் ராலே தெரு என்று ஒரு தெரு. அங்கிருந்த சிறு சைக்கிள் பட்டறையில் 1887-ல் பணம் போட்டுச் சேர்ந்தார் ஃபிராங்க் பௌடன். தெருவின் பெயரே கம்பெனியின் பெயராயிற்று. பதினைந்து வருஷம் கழித்து அவரிடம் மூன்று வேக ஹப் வந்து சேர்ந்தது. ஹென்றி ஸ்டர்மி பள்ளி ஆசிரியராக இருந்து பத்திரிகை ஆசிரியர் ஆனவர். ஜேம்ஸ் ஆர்ச்சர் ஒரு தொழில்நுட்பக்காரர். ஆனால் உண்மையில் அந்த ஹப்புக்கு மூளையாக இருந்தவர் வில்லியம் ரைலி என்பவர் என்று சைக்கிள் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். முன்பு வேலை செய்த இடத்தில், இனிக் கண்டுபிடிப்பதும் உங்களுக்கே என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டதால், கூட்டாளி ஆர்ச்சர் பெயரில் காப்புரிமை பதிவாயிற்று. 1903-ல் விற்பனைக்கு வந்தது. செய்தவன் பெயர் வெளியே தெரியாமல் போவது நம் ஊரில் மட்டுமில்லை.

அப்பாவின் சைக்கிளில் இருந்த ரகம் 1936-ல் வந்தது. உள்ளே என்ன இருக்கிறது? நடுவில் அச்சோடு அசையாமல் ஒரு பல்சக்கரம், 20 பல். அதற்குச் சூரியன் என்று பெயர். அதைச் சுற்றி நாலு சின்னப் பல்சக்கரங்கள், அவையும் 20 பல். அவை கோள்கள். எல்லாவற்றையும் சுற்றி உள்பக்கம் 60 பல் வெட்டிய வளையம். நவக்கிரகம்போல ஒரு சந்நிதியே ஹப்புக்குள் இருக்கிறது என்று வையுங்கள். மிதிக்கும் விசையைக் கோள்களுக்குக் கொடுத்து வளையத்திலிருந்து எடுத்தால் சக்கரம் மூன்றில் ஒரு பங்கு அதிக வேகமாகச் சுற்றும். வளையத்துக்குக் கொடுத்துக் கோள்களிலிருந்து எடுத்தால் நாலில் ஒரு பங்கு குறைவாகச் சுற்றும். நடுக் கியரில் உள்ளது உள்ளபடி. அப்பாவின் சைக்கிளில் முன்னால் 48 பல், பின்னால் 18 பல், சக்கரம் 28 அங்குலம். கணக்குப் போட்டால் கியர்கள் 56, 75, 100 அங்குலம் வரும். ஆடிக் காற்றுக்கு 56, திரும்பி வரும்போது 100.

இதில் சத்தம் எங்கிருந்து வருகிறது? ஹப்பின் உள்சுவரில் பிடித்துக்கொள்வதற்காக நாக்குபோலச் சின்ன இரும்புத் துண்டுகள் உண்டு. தலைமுடி கனத்தில் ஒரு ஸ்பிரிங் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டாவது, மூன்றாவது கியர்களில், முதல் கியருக்கான நாக்குகளை ஹப் முந்திக்கொண்டு போகும். அப்போது அவை 'டிக், டிக், டிக்' என்று தட்டிக்கொண்டே வரும். முதல் கியரில் மிதிக்கும்போது மட்டும் சத்தமிருக்காது. மிதிக்காமல் வெறுமனே உருட்டிக்கொண்டு போனாலும் டிக் டிக்தான். அது கோளாறு இல்லை. ஸ்பிரிங் உயிரோடு இருக்கிறது, நாக்கு நீள்கிறது என்பதற்கு அடையாளம்.

இது பதின்மூன்று வயதில் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சாயங்காலம் அப்பா தூங்கும்போது சைக்கிளை நைசாக வெளியே உருட்டினால் திண்ணையில் இருக்கும் அப்பாயி, கண் சரியாகத் தெரியாவிட்டாலும், "யாருடா அது, சைக்கிள எடுக்கறது?" என்று குரல் கொடுத்துவிடும் என்பதுதான். காட்டிக்கொடுத்தது அந்த டிக் டிக்.

1961 கார்த்திகை மாதம். ஹப்பின் மேல் எண்ணெய் விட ஒரு சின்ன மூடி உண்டு. அப்பா ஞாயிறுதோறும் அதில் மெல்லிய மெஷின் எண்ணெய் சில சொட்டு விடுவார். சில சொட்டுக்கே சத்தம் கொஞ்சம் அமுங்குகிறதே, நிறைய விட்டால் நின்றுவிடும் என்று என் மூளை கணக்குப் போட்டது. மெஷின் எண்ணெயை எடுத்தால் குறைந்தது தெரியும். சமையலறையில் தேங்காயெண்ணெய் இருந்தது. எண்ணெய் வழிந்து வெளியே வரும்வரை ஊற்றினேன். சத்தம் நன்றாகவே அடங்கியது. இரண்டு வாரம் ராஜாபோலத் தெருத் தெருவாகச் சுற்றினேன்.

மார்கழி பிறந்தது. மார்கழி விடியலில் தேங்காயெண்ணெய்ப் பாட்டில் என்ன ஆகும் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளையாய் உறைந்து, வெயிலில் வைத்தால்தான் இளகும். ஹப்புக்குள் இருந்த எண்ணெய்க்கு மட்டும் வேறு நியாயமா?

அன்று அப்பா இருட்டோடு கிளம்பினார். குடமுருட்டிப் பாலத்து மேட்டில் முதல் கியருக்குத் தட்டிவிட்டு, எழுந்து நின்று மிதித்திருக்கிறார். உறைந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்ட நாக்குகள் நீளவில்லை. பெடல் பிடிப்பில்லாமல் சரேலென்று சுற்றிவிட்டது. முழு எடையோடு முன்னால் விழுந்தார். இடது முட்டி ஹேண்டில்பாரில் மோதி, பிறகு சாலைக் கல்லில் மோதியது. காய்கறி ஏற்றி வந்த மாட்டு வண்டியில் அவரைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். சைக்கிளையும் அதே வண்டியில் போட்டிருந்தார்கள்.

ஒரு மாதம் அப்பா வேலைக்குப் போகவில்லை. முட்டி சேர்ந்தது, ஆனால் முழுதாக மடங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கு ஒரு முக்காலி வந்தது.

எழுந்து உட்கார முடிந்த முதல் நாள், வாசலில் தினத்தாளை விரித்துப் பின்சக்கரத்தைக் கழற்றச் சொன்னார். மூடியைத் திறந்து மண்ணெண்ணெயை விட்டுச் சுற்றச் சொன்னார். கறுப்பு எண்ணெய்தான் வர வேண்டும். வந்தது வெள்ளை வெள்ளையாகக் கட்டி. அப்பா விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தினத்தாளைப் பார்த்தேன்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று முறை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினோம். டிக் டிக் திரும்பி வந்தது. சக்கரத்தை மாட்டிய பிறகு கம்பியை எப்படிச் சரி செய்வது என்று காட்டினார். நெம்புகோலை இரண்டாவது கியரில் வை, அச்சின் நட்டில் இருக்கும் ஓட்டை வழியாகப் பார், சின்னச் சங்கிலி பூட்டியிருக்கும் தண்டின் தோள், அச்சின் முனையோடு சமமாக இருக்க வேண்டும். அதிகம் தளர்ந்தால் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எந்தக் கியரிலும் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றும், அதுவும் ஆளைத் தள்ளும். கடைசியாக எண்ணெய்க் குப்பியை என் கையில் கொடுத்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை நீதான் விடணும். மெஷின் எண்ணெய். சத்தம் இருக்கான்னு பாத்துட்டு வந்து எங்கிட்ட சொல்லணும்."

அவ்வளவுதான். அப்பா 1989-ல் போய்ச் சேர்ந்தார். அதுவரை நானும் வாயைத் திறக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

பேரனின் சைக்கிளில் இருப்பது வேறு வம்சம். அது பிரான்சில் பிறந்தது. செந்த் எத்தியேன் என்ற தொழில் நகரில் பால் தெ விவி என்பவர், 'வெலோசியோ' என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். பல கியர் வைத்து மலை ஏறுவதே அறிவுடைமை என்று ஆயுள் முழுக்க எழுதினார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிரான்ஷ் இதற்கு நேர் எதிரி. கியரெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்கு என்பது அவர் கட்சி. எனவே பந்தய வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கம் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் செயினை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். செயினைப் பல் விட்டுப் பல் தள்ளும் டீரெய்லர் அந்தப் பந்தயத்தில் அனுமதிக்கப்பட்டது 1937-ல்தான். வெலோசியோ அதைப் பார்க்கவில்லை. 1930-லேயே டிராம் மோதி இறந்துபோனார்.

பிறகு இத்தாலியின் கம்பக்னோலோ, ஜப்பானின் சன்டூர் என்று ஒவ்வொருவராகத் திருத்தினார்கள். 1964-ல் சன்டூர் டீரெய்லரைச் சாய்வாக அமைத்து, சின்னப் பல்லுக்கும் பெரிய பல்லுக்கும் ஒரே இடைவெளியில் நிற்க வைத்தது. அதுவரையிலும் அதற்குப் பிறகு இருபது வருஷமும் பெரும்பாலான டீரெய்லர் நெம்புகோல்களில் 'கிளிக்' கிடையாது. கரகரப்பு அடங்கும் இடம்வரை கையால் நகர்த்தி, காதால் கேட்டு நிறுத்த வேண்டும், ரேடியோவில் சிலோன் நிலையம் பிடிப்பதுபோல. 1984-ல் ஷிமானோ தன் பந்தய ரகத்தில் கிளிக் வைத்தது. ஒரு கிளிக்குக்கு ஒரு பல். சவாரிக்காரனின் காதுக்கு அன்றோடு ஓய்வு. ஆனால் கம்பி கொஞ்சம் நீண்டாலும், தாங்கி கொஞ்சம் வளைந்தாலும் கிளிக் ஓரிடத்தில், பல் ஓரிடத்தில். அப்போது வருவதுதான் இந்தக் கரகரப்பு.

நம் ஊரிலோ 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய கம்பெனியின் ஹெர்குலிஸும், ஆசன்சோலில் செய்த ராலேயும் பெரும்பாலும் ஒற்றைக் கியர்தான். அதனால் நம் தலைமுறைக்குத் தெரிந்த சத்தங்கள் கோட்டர் பின் தளர்ந்த 'டக்', செயின் கவரில் செயின் உரசுவது, அவ்வளவே. ஓவராயில் பண்ணினால் போயிற்று.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பேரனைக் கையால் பெடலைச் சுற்றச் சொன்னேன்.

"கண்ணை மூடிக்க. சத்தம் எத்தனை சுத்துக்கு ஒரு தடவை வருதுன்னு எண்ணு."

பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் கிராங்க் அல்லது பெடல். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் சக்கரக் கோட்டம், போக்ஸ் கம்பி. பெடல் இரண்டரை, மூன்று சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகிவிட்டது. குறிப்பிட்ட ஒரு பல்சக்கரத்தில் மட்டும் வந்தால் அந்தப் பல் தேய்ந்தது. முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று செயினைக் குறுக்கே இழுத்தால் வருவது நாமாக வரவழைப்பது. அடுத்து அளவுகோலால் செயினை அளந்தோம். ஒரு பின்னிலிருந்து எண்ணி 24 கண்ணி தள்ளி இருக்கும் பின் சரியாக 12 அங்குலத்தில் இருக்க வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றலாம், எட்டில் ஒரு பங்கு என்றால் பல்லும் போயிற்று. எங்களுடையது 12 அங்குலம், கச்சிதம். ஆக, கியர் செட் முழுவதும் மாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

சத்தம் இடைவிடாமல் வந்தது. சின்னப் பல்லில் குறைவு, பெரிய பல் நோக்கிப் போகப் போக அதிகம். பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். டீரெய்லரைத் தொங்கவிடும் தாங்கி உள்பக்கமாக வளைந்திருந்தது. கடைசிப் பல்லுக்குப் போனால் டீரெய்லருக்கும் போக்ஸ் கம்பிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி போகும் இடம்தான். ஒரு குழியில் குதித்தால் அது சக்கரத்துக்குள் போகும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், பையன் தலைகுப்புறப் போவான். என் வயிற்றில் என்னவோ புரண்டது.

பெரும்பாலும் வலது பக்கம் விழுந்தால்தான் இந்தத் தாங்கி வளையும். அதை அவனிடம் கேட்கவில்லை. அதற்குப் பதில் தேங்காயெண்ணெய்க் கதையைச் சொன்னேன். அப்பாவின் முக்காலி வரை சொன்னேன். அறுபது வருஷத்துக்கு மேல் வராத சொற்கள் எப்படித்தான் வந்தனவோ.

கொஞ்ச நேரம் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன வாரம் ஃபிரெண்டுக்கு ஓட்டக் கொடுத்தேன் தாத்தா. விழுந்துட்டான். அப்பாக்குத் தெரிஞ்சா சைக்கிள வாங்கி வச்சுடுவார்."

"அடி பட்டுச்சா அவனுக்கு?"

"இல்ல."

"அப்ப சரி. அப்பாகிட்ட நீயே சொல்லிடு. இன்னைக்கே சொல்லு."

அலன் கீயை டீரெய்லரின் போல்ட்டில் மாட்டி, தாங்கியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நெம்பினோம். ஒரேயடியாக நெம்பினால் உடைந்துவிடும், அலுமினியம். பின்னால் நின்று பார்த்தால் டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் மேலே உள்ள பல்லோடு ஒரே கோட்டில் தொங்க வேண்டும். அடுத்து, உள்பக்கம் எதுவரை போகலாம் என்று கட்டுப்படுத்தும் திருகைச் சரி பார்த்தோம். கடைசியாக, கம்பி நுழையும் இடத்தில் இருக்கும் திருகை அரைச் சுற்று, கால் சுற்று என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே வந்தோம். திருப்பியது அவன். 'நிறுத்து' என்று சொன்னதும் அவன்தான். எனக்கு இப்போதெல்லாம் இடது காது அவ்வளவாகக் கேட்பதில்லை.

நெம்பி நிமிர்த்திய அலுமினியத்தை நம்பி அதிக நாள் ஓட்டக்கூடாது. புதுத் தாங்கி வாங்கி மாட்டும்வரை கடைசிப் பல்லுக்குப் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கியர் சைக்கிள் வலது பக்கம் விழுந்திருந்தால் ஒருமுறை பின்னால் நின்று பார்த்துவிடுங்கள்.

முடிந்ததும் ஒரு சுற்று போய்விட்டு வந்தான். கரகரப்பு இல்லை. மிதிப்பதை நிறுத்தி வாசலில் வந்து சேர்ந்தபோது பின்சக்கரம் மட்டும் டிக் டிக் டிக் என்றது.

"இது போகாதா தாத்தா?"

"அது இருக்கட்டும்" என்றேன். சாயங்காலம் அவன் அப்பாவிடம் சொல்லிவிட்டதாக மருமகள் போன் செய்தாள். சைக்கிள் அவனிடமே இருக்கிறது.